கோபேயில் அம்மாவுக்குச் சொன்னது

சன்னொமியா நிலையத்தில் போர்ட் லைனர் ரயில் வந்து நின்றதும் பிள்ளைகள் இரண்டு பேரும் முன் பெட்டிக்கு ஓடினார்கள். அந்த ரயிலுக்குச் சாரதி கிடையாது. 1981 இல் ஓடத் தொடங்கிய நாளில் இருந்தே தானாக ஓடுகிற ரயில். முன் கண்ணாடியோடு இருக்கிற இடம் கிடைத்தால் நாங்களே ஓட்டுகிற மாதிரி இருக்கும். மகள் தன்னுடைய இடத்தை அம்மம்மாவுக்குக் கொடுத்தாள். அம்மா இருந்து, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரித்துக்கொண்டு கடலைப் பார்த்தா.

அம்மா இப்போது எல்லாவற்றையும் அப்படித்தான் பார்க்கிறா. வயசோடு வருகிற மாக்குலா நோய். வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது. ஓரப் பார்வை மட்டும் நல்லாக இருக்கிறது. "உன்ர மூக்கு இருக்கிற இடத்தை ஆரோ அழிறப்பரால தேச்ச மாதிரி இருக்கு. ஆனா தோடு வடிவாத் தெரியுது" என்று ஒருநாள் சொன்னா. நான் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

2025 சித்திரை விடுமுறைக்கு மெல்பேர்ணில் இருந்து ஜப்பான் போவது என்று முடிவு செய்தது பிள்ளைகளுக்காக. ஒசாக்காவில் உலகக் கண்காட்சி, கோபேயில் மிருகங்கள், கியோத்தோவில் கோயில்கள் என்று மகன் பட்டியல் போட்டிருந்தான். கோபேயைப் பட்டியலில் இருந்து நான் எடுக்கவிடாததற்கு வேறு காரணம் இருந்தது. அதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

சொந்தக்காரர் ஒருவர் அம்மாவின் வட்ஸ்அப்புக்கு ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தார். வேறொரு நாட்டில் ஒரு கிளினிக். வயிற்றுக் கொழுப்பில் இருந்து ஸ்டெம் செல் எடுத்து இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போடுவார்களாம். பார்வை திரும்புமாம். அதே ஊசி மூட்டு வலிக்கும் நல்லதாம், வயசையும் குறைக்குமாம். கேட்ட காசு அம்மாவின் சேமிப்பில் முக்கால்வாசி. வைகாசி முதல் கிழமைக்குள் முற்பணம் கட்டவேண்டும். அம்மா கட்டுவதென்று முடிவெடுத்துவிட்டா.

அம்மா அப்படி முடிவெடுத்ததற்குக் காரணம் நான்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் என்னைப்போல வளர்ந்திருப்பீர்கள். ஏழு வயசில் இருந்து அம்மா அப்பாவோடு டொக்ரரிடம், வங்கிக்கு, அரசாங்கக் கந்தோருக்குப் போய் மொழிபெயர்த்தவள் நான். அதில் ஒரு கெட்ட பழக்கமும் வந்துவிடும். சொல்லக் கஷ்டமானதைக் கொஞ்சம் மெதுமையாக்கிச் சொல்வது. இரண்டு வருசத்துக்கு முதல் கண் டொக்ரர் தெளிவாகச் சொன்னார்: போன பார்வை திரும்பாது, கண்ணுக்குள் புதிதாக முளைத்துக் கசிகிற ரத்தக் குழாய்களை அடக்கி, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இந்த ஊசி. அம்மா கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் சொன்னேன்: "ஊசி போட்டால் கொஞ்சம் கொஞ்சமாச் சரிவருமாம் அம்மா."

இரண்டு வருசம் ஊசி போட்டும் சரிவரவில்லை. அப்ப இந்த டொக்ரர் சரியில்லை, வேறு இடம் பார்ப்போம் என்று அம்மா நினைத்ததில் என்ன பிழை?

முதலில் ஒசாக்கா. கண்காட்சி தொடங்கி ஒரு கிழமை கூட ஆகவில்லை. யுமேஷிமா தீவில், சுற்றளவு இரண்டு கிலோமீற்றர் வரும் பெரிய மர வளையத்துக்குக் கீழே நடந்து, பசோனா மண்டபத்துக்குப் போனோம். அங்கே ஒரு திரவத்துக்குள் ஐபிஎஸ் செல்களால் செய்த ஒரு குட்டி இதயம். நான்கு சென்ரிமீற்றர் கூட இல்லை. இளஞ்சிவப்பு நிறம். தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. மகள் என் கையைப் பிடித்து, "ஆருடைய இதயம் இது?" என்று கேட்டாள். அம்மா கண்ணாடிக்குப் பக்கவாட்டில் போய் நின்று கனநேரம் பார்த்தா. "இதை ஆருக்கும் வைக்கலாமோ?" என்றா.

வைக்க முடியாது. ஏன் என்று அன்றிரவு ஹோட்டலில் மகனுக்கு விளங்கப்படுத்தினேன். உடம்பில் ஒரு செல் உயிரோடு இருக்கவேண்டுமானால் ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்குள்ளாவது ஒரு ரத்தக் குழாய் இருக்கவேண்டும். ஆய்வுகூடத்தில் செல்லை வளர்க்கலாம், துடிக்கவும் வைக்கலாம். ஆனால் தடிப்பான ஒரு உறுப்புக்குள் நுணுக்கமான ரத்தக் குழாய் வலையைப் பின்னுவதுதான் இன்னும் பிடிபடாத வேலை. அதனால்தான் இந்தத் துறையில் மெல்லியவை முதலில் வருகின்றன. விழித்திரைக்குப் பின்னால் வைக்கும் தாள், இதயத்தின் மேல் ஒட்டும் தாள், கருவிழிக்கு மேல் போடும் படலம். முழுச் சிறுநீரகமும் முழு இதயமும் வரிசையில் கடைசியில் நிற்கின்றன.

அடுத்த நாள் கோபே.

போர்ட் தீவு கடவுள் படைத்த தீவு இல்லை. நகரத்துக்குப் பின்னால் இருந்த மலையை வெட்டி, அந்த மண்ணைக் கடலில் கொட்டி ஆக்கினது. 1995 தை 17 காலை 5.46 க்கு வந்த பூமி அதிர்ச்சியில் 6,400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நகரத்தை எப்படித் திரும்பக் கட்டுவது என்று யோசித்தவர்கள் வீடும் பாலமும் மட்டும் போதாது என்று நினைத்தார்கள். துறைமுகத்தையே நம்பியிருந்த ஊருக்குப் புதிய தொழிலாக மருத்துவத்தைத் தெரிந்தெடுத்து, இந்தத் தீவில் ஆஸ்பத்திரிகளையும் ஆய்வுகூடங்களையும் கொண்டுவந்தார்கள். போரைப் பார்த்த ஊரில் இருந்து வந்த அம்மாவுக்கு இந்தக் கதை பிடித்துக்கொண்டது. "இடிஞ்ச ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டினவை கெட்டிக்காரர்" என்றா.

மிருகங்கள் இருக்கிற கோபே டோபுட்சு ஓகோகுவுக்கு முதலில் போனோம். அங்கே ஹஷிபிரோகோ என்று ஒரு பெரிய சாம்பல் நிறக் கொக்கு. அலகு மரச் செருப்பு மாதிரி. மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். அம்மாவுக்கு அது நல்ல வசதி. ஓடுகிற மிருகத்தை ஓரக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். இது அவவுக்காகவே நின்ற மாதிரி நின்றது. பிள்ளைகளை இவரோடு விட்டுவிட்டு, "அம்மா, கொஞ்சம் நடப்பமே?" என்று கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரு நிலையம் தள்ளி மருத்துவ வட்டாரம். அங்கேதான் 2014 புரட்டாதி 12 ஆம் திகதி, ஐபிஎஸ் செல்லில் இருந்து வளர்த்த திசுவை உலகத்திலேயே முதல் தடவையாக ஒரு மனிதருக்கு வைத்தார்கள். ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் மசாயோ தக்கஹஷி என்ற கண் டொக்ரர். நோயாளி எழுபதுகளில் இருந்த ஒரு பெண். அவவுக்கு இருந்ததும் அம்மாவுக்கு இருக்கிற அதே நோய்தான்.

கடலைப் பார்க்கிற ஒரு வாங்கில் இருந்தோம். நான் தொடங்கினேன்.

"அம்மா, அந்த மனிசியின்ர தோலில கொஞ்சம் எடுத்து, அதை... கண்ணுக்குப் பின்னால இருக்கிற பேப்பர் மாதிரி ஒண்டு இருக்கெல்லோ, அதுக்குப் பின்னால இன்னொரு..."

"விழித்திரை" என்றா அம்மா.

"ஓம், அதுக்குப் பின்னால கறுப்பா..."

"நிறப்பொருள் இருக்கிற கலப்படை. என்ன பிள்ளை, நான் பதினொரு வருசம் விஞ்ஞானம் படிப்பிச்சனான்."

எனக்கு முகம் சுட்டது. அம்மா யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ரீச்சர். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் நான் கண்டு வளர்ந்த அம்மா, மெல்பேர்ணில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்து, ஆங்கிலக் கடிதம் வந்தால் என்னிடம் நீட்டிய அம்மா. அவவுக்கு ஆங்கிலம் குறைவு என்பதை அவவுக்கு விளக்கம் குறைவு என்று நான் எப்போதோ ஆக்கிவிட்டேன். உண்மையில் சொல் இல்லாமல் தடுமாறினது நான்தான்.

அதற்குப் பிறகு குறைக்காமல் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு வைத்த தாள் 1.3 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் நீளம். ஒரு சோற்றுப் பருக்கையில் பாதி. ஒரு வருசம் கழித்துப் பார்த்தபோது உடம்பு அதைத் தள்ளவில்லை, புற்றும் வரவில்லை. ஆனால் பார்வை கூடவும் இல்லை. மேலும் இறங்காமல் நின்றது. இரண்டாவது நோயாளிக்கு வளர்த்த செல்லில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததால், வைக்காமலே நிறுத்திவிட்டார்கள். 2017 இல் வேறொருவரின் செல்லில் இருந்து முன்கூட்டியே வளர்த்துச் சேமித்ததை வைத்துத் திரும்பத் தொடங்கினார்கள். பாதுகாப்பு என்பதற்காகவே வருசக்கணக்காகக் காத்திருந்தார்கள்.

"எங்கட நாட்டில கண் தானம் செய்யிறவையே. ஜப்பானுக்கும் அனுப்பினவை. அப்பிடி மாத்தேலாதோ?" என்று கேட்டா.

1961 இல் டொக்ரர் ஹட்சன் சில்வா தொடங்கின கண் தானச் சங்கம் இலங்கையில் இருந்து எத்தனையோ நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் அது கண்ணுக்கு முன்னால் இருக்கிற கண்ணாடி போன்ற கருவிழிப் படலம். அம்மாவுக்குப் பழுதானது பின்பக்கம். அது மூளையோடு நரம்பால் தொடுத்திருக்கிற இடம். கழற்றி மாற்ற முடியாது.

பிறகு அந்தக் கிளினிக் கதைக்கு வந்தேன். அமெரிக்காவில் புளோரிடாவில் மாக்குலா நோயோடு இருந்த மூன்று பெண்கள், 72 க்கும் 88 க்கும் இடைப்பட்ட வயசு. தங்கள் கொழுப்பில் இருந்து எடுத்த செல்லை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசியாக ஏற்றிக்கொண்டார்கள். ஆளுக்கு 5,000 டொலர். இருந்த பார்வையும் போய்விட்டது. அரச ஆய்வுப் பட்டியலில் பெயர் இருந்ததால் அது உண்மையான ஆய்வு என்று நம்பிப் போனவர்களும் அவர்களில் உண்டு. 2017 பங்குனியில் ஒரே மருத்துவ சஞ்சிகையின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகளும் வந்தன: கோபேப் பெண்ணின் கதையும் புளோரிடாப் பெண்களின் கதையும்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு கப்பல் போனது.

"இன்னொண்டும் சொல்லவேணும் அம்மா. அண்டைக்கு டொக்ரர் சரிவரும் எண்டு சொல்லேல்லை. போனது திரும்பாது எண்டுதான் சொன்னவர். நான்தான் மாத்திச் சொன்னனான்."

அம்மா தலையைச் சரித்து என்னைப் பார்த்தா. என் தோடு தெரிந்திருக்கும்.

"ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, குளிரூட்டிப் பெட்டியில ஒட்டின கட்டத்தைப் பாத்து, இண்டைக்கு ஒரு கோடெண்டாலும் நேராத் தெரியுதோ எண்டு பாத்தனான். தெரியேல்லை எண்டால் நான்தான் சாப்பாட்டில ஏதோ பிழை விடுறன் எண்டு நினைச்சனான்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்பவும் இல்லை.

எழும்பி நடந்தோம். 2017 இல் திறந்த கோபே கண் நிலையம் பக்கத்தில்தான். வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன். அம்மாவே உள்ளே போனா. இரண்டாம் மாடியில் விஷன் பார்க் என்று ஒரு இடம். பார்வை குறைந்தவர்கள் எப்படி வாழலாம் என்று பழகுகிற இடம். சுவரில் ஏறிப் பழகப் பிடிகள் பூட்டியிருக்கிறது. சமைத்துப் பழக ஒரு குசினி இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்குகிற கருவிகள் இருக்கின்றன. அங்கே நின்ற பெண் சிரித்துத் தலை குனிந்து, பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினா.

எனக்கு அந்த இடம் ஒரு அடி மாதிரி விழுந்தது. உலகத்திலேயே முதலில் செல் வைத்த டொக்ரரின் முயற்சியில் உருவான இடம் அது. செல் ஒருநாள் வரும் என்று அவரைவிட நம்புகிறவர் ஆர்? அவரே, அது வரும்வரைக்கும் மனிசர் சமைக்கவேண்டும், நடக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குள் குசினி கட்டி வைத்திருக்கிறார். நாங்கள் இரண்டு வருசமாக மெல்பேர்ணில் பார்வைக் குறைவு உதவி நிலையம் பக்கம் போகவே இல்லை. "சரிவரும்" என்று சொல்லிவிட்டு எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

அம்மா குசினி மேசையை விரலால் தடவிப் பார்த்தா. வெளியே வந்த பிறகும் என்னோடு கதைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கித்தானோ பக்கம் போனோம். கோபேயில் இந்திய வியாபாரிகள் தலைமுறைகளாக இருக்கிறார்கள், ஒரு ஜைனக் கோயில்கூட 1985 இல் கட்டியிருக்கிறார்கள். அதனால் வெள்ளிக்கிழமை சைவக்காரருக்கும் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அம்மா பிள்ளைகளோடு கதைத்தா, இவரோடு கதைத்தா. எனக்கு உப்பை மட்டும் தள்ளி வைத்தா.

இரண்டு நாள் அப்படியே போனது.

கடைசி நாள் கியோத்தோ. சக்குரா கொட்டி முடிகிற நேரம், கமோ ஆற்றங்கரை முழுக்க இதழ். ஆற்றுக்குப் பக்கத்தில்தான் பல்கலைக்கழகத்தின் ஐபிஎஸ் செல் ஆய்வு நிலையம். வெளியில் இருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம். ஷின்யா யமனாக்காவைப் பற்றி மகன் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தான். தையல் இயந்திர உதிரிப்பாகம் செய்கிற சிறு தொழிற்சாலைக்காரரின் மகன். முதலில் எலும்பு டொக்ரராகப் பழகினவர். சின்ன ஒப்பரேஷனுக்கும் கனநேரம் எடுத்ததால், தடைசெய்கிறவர் என்ற அர்த்தம் வர "ஜாமனாக்கா" என்று பட்டப்பெயர் வைத்தார்களாம். தகப்பன் ஈரல் நோயில் இறந்துபோனார். டொக்ரராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சிக்குப் போனார். 2006 இல் எலியில், 2007 இல் மனிதரில், 2012 இல் நோபல் பரிசு.

"அவர் என்ன செய்தவர் எண்டு தெரியுமோ உனக்கு?" என்று அம்மா மகனைக் கேட்டா. பிறகு அவவே சொல்லத் தொடங்கினா, கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரலில். "எல்லாக் கலத்துக்குள்ளயும் ஒரே புத்தகந்தான் இருக்கு. தோலில ஒரு பாடம் திறந்திருக்கும், கண்ணில வேற பாடம். மற்றப் பக்கமெல்லாம் ஒட்டியிருக்கும். 24 மரபணுவை எடுத்து, ஒவ்வொண்டாக் கழிச்சுப் பாத்து, நாலு போதும் எண்டு கண்டுபிடிச்சார். அந்த நாலும் புத்தகத்தை முதலாம் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும்." நான் கடற்கரையில் தட்டுத்தடுமாறிச் சொன்னதெல்லாம் ஒழுங்காக அடுக்கி வந்தது.

"அப்ப அம்மம்மாவையும் முதலாம் பக்கத்துக்குக் கொண்டுபோகலாமோ?" என்று மகள் கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தா. இரண்டு நாளைக்குப் பிறகு முதல் தடவை. "நீ சொல்லு. குறைக்காமல் சொல்லு."

சொன்னேன். அந்த நாலையும் தொடர்ந்து வேலை செய்யவிட்ட எலிகளுக்குப் புற்றுக் கட்டிகள் வந்தன. ஏனென்றால் கண் தான் கண் என்பதையே மறந்துவிடும். அதனால் கொஞ்ச நேரம் மட்டும் போட்டு நிறுத்திப் பார்க்கிறார்கள். 2016 இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில், சீக்கிரம் மூப்படைகிற நோயுள்ள எலிகளுக்கு அப்படி விட்டுவிட்டுச் செய்தபோது கூடுதல் காலம் வாழ்ந்தன. 2020 இல் ஹார்வர்டில் ஆபத்தான ஒன்றை விட்டுவிட்டு மூன்றை மட்டும் எலிகளின் கண்ணுக்குள் கொடுத்து, பழுதான பார்வை நரம்பை வளர வைத்தார்கள்; பார்வையும் ஓரளவு திரும்பியது. 2022 இல் மூன்று பில்லியன் டொலரோடு தொடங்கின ஒரு கொம்பனி இதற்காகவே இருக்கிறது. யமனாக்காவும் அதற்கு ஆலோசகர்.

"எலிக்கு" என்றா அம்மா.

"ஓம் அம்மா, எலிக்கு."

மனிதரில் நடந்தவையும் உண்டு. இதே கியோத்தோவில் பார்க்கின்சன் நோயாளிகள் ஏழு பேருக்கு மூளையில் செல் வைத்த ஆய்வின் முடிவு நாங்கள் அங்கே நின்ற அந்தச் சித்திரையில்தான் வெளிவந்தது. வைத்த செல் உயிரோடு இருந்து வேலை செய்தது, கட்டி வரவில்லை. அதே ஆனியில், ஸ்டெம் செல்லில் வளர்த்த இன்சுலின் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருசம் கழித்து இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை என்று அறிவித்தார்கள். ஆனால் அது முதலாம் வகைச் சீனி வருத்தம். எங்கட வீடுகளில் நடுவயசில் வருவது இரண்டாம் வகை. அதோடு, உடம்பு தள்ளாமல் இருக்கிற மருந்தையும் அவர்கள் தொடர்ந்து எடுக்கவேண்டும். வட்ஸ்அப்பில் வரும்போது இந்த வரிகள்தான் முதலில் காணாமல் போகும்.

உங்கள் அம்மா அப்பாவுக்கும் இப்படி ஒன்று வந்தால், நான் இப்போது பார்ப்பவை இவை: ஒரே ஊசி எல்லா வருத்தத்துக்கும் என்றால் சந்தேகப்படுங்கோ. இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் என்றால் எழும்பி வாருங்கோ. ஆய்வு என்று சொல்லிவிட்டுப் பெருந்தொகை கேட்டால், உங்கள் சொந்த டொக்ரரிடம் காட்டாமல் ஒரு சதமும் கட்டாதேங்கோ. அதற்கெல்லாம் முதல், அந்த விளம்பரம் ஏன் அவர்களுக்கு இவ்வளவு தேவைப்படுகிறது என்று உங்களையே கேளுங்கோ.

அம்மா முற்பணம் கட்டவில்லை. நான் கேட்டதற்காக இல்லை, தானே யோசித்து விட்டதாகச் சொன்னா. அந்தக் காசில் ஒரு பங்கு ஊர் போக. "வீட்டு முத்தம் இன்னும் தெரியிற காலத்தில ஒருக்காப் பாக்கவேணும்." ஆவணியில் நானும் அவவும் போய் வந்தோம். நல்லூர்த் தேரைக் கூட்டத்துக்கு நடுவில் நின்று பார்க்காமல், வீதியின் ஒரு பக்கமாக நின்று பார்த்தா. தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் ஊசிக்குப் போனோம். இடது கண்ணில் கசிவு கொஞ்சம் கூடியிருக்கிறது என்று டொக்ரர் சொன்னார். நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டா. முடிந்த பிறகு, டொக்ரருக்கு முன்னாலேயே என்னைத் திருத்தினா.

"விழித்திரை எண்டு சொல்லு பிள்ளை. பின்னால இருக்கிற பேப்பர் எண்டு சொல்லாதை."